கேட்கும் பொறுப்பைக் கூட்டத்திடம் விட்டுவிடலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அறிவும் அனுபவமும் உடையவர்கள் தங்களுக்கென்று ஒரு பெரிய வாசகர் கூட்டத்தைத் திரட்டிக்கொள்ள வேண்டும் என்றும், அதற்கு மெனக்கெடாதவர்கள் பிறகு தம் சொல் எடுபடவில்லை என்று குறைப்பட்டுக்கொள்வதில் பொருளில்லை என்றும் வாதிட்டு, அண்மையில் தங்கள் நாளிதழின் நடுப்பக்கத்தில் ஒரு கட்டுரை வெளியாகியிருந்தது. கட்டுரையாளர் நல்லெண்ணத்துடனேயே எழுதியிருக்கிறார். இன்றைய நிலவரத்தை அவர் விவரித்திருக்கும் விதத்திலும் பெரிய பிழை ஏதுமில்லை. ஆனால் நிலவரம் இப்படி இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே வந்தவர், இப்படி இருப்பதுதான் முறை என்று முடித்துவிடுகிறார். அந்தத் தாவலை என்னால் ஏற்க முடியவில்லை.

கட்டுரை இரண்டு வெவ்வேறு வேலைகளை ஒன்றாகக் கருதிவிட்டது. சொல்ல வேண்டியதைத் தெளிவாக எழுதி, அது போய்ச் சேர வேண்டியவரிடம் காலத்தில் சேர்ப்பது ஒரு வேலை. தன் பெயரைச் சுற்றி ஒரு கூட்டத்தை வளர்த்து, அது கலைந்துவிடாமல் நாள்தோறும் பார்த்துக்கொள்வது வேறொரு வேலை. முதல் வேலை அறிவுடையோரின் கடமை என்பதில் எனக்கு ஐயமில்லை. இரண்டாவது வேலை ஒரு தனித் தொழில். அதற்கு வேறு வகைத் திறமை வேண்டும், வேறு வகை மனப்போக்கும் வேண்டும்.

முதல் வேலையில் தவறியவருக்கு நன்கு தெரிந்த எடுத்துக்காட்டு ஹங்கேரிய மருத்துவர் இக்னாஸ் செம்மல்வைஸ். 1847-இல் வியன்னா பொது மருத்துவமனையின் மகப்பேற்றுப் பிரிவில், பிணக்கூறாய்வு செய்த கையோடு பிரசவ அறைக்கு வந்துகொண்டிருந்த மருத்துவர்களும் மாணவர்களும் குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கைகழுவியாக வேண்டும் என்று அவர் ஏற்பாடு செய்தார். அவ்வாண்டு ஏப்ரலில் நூற்றுக்கு 18-ஆக இருந்த தாய்மார் இறப்பு, ஜூன் மாதத்தில் 2 என்ற அளவுக்கு இறங்கியது. இத்தனை வலுவான கணக்கு கையில் இருந்தும், அதை முழுமையான நூலாக அவர் வெளியிட்டது 1861-இல்தான். இடைப்பட்ட காலத்தில் நண்பர்கள் அவருக்காகச் சிலவற்றை எழுதினார்கள். அவை அரைகுறையாகவே புரிந்துகொள்ளப்பட்டன. பிறகு அவரே எழுதத் தொடங்கியபோது, தம்மை ஏற்காத மகப்பேற்று மருத்துவர்களைக் கொலைகாரர்கள் என்று பகிரங்கக் கடிதங்களில் சாடினார். 1865-இல் மனநோயாளர் விடுதி ஒன்றில் இறந்துபோனார். அவரை ஒதுக்கியவர்களின் செருக்கை நான் மன்னிக்கவில்லை. எனினும், அந்தக் கணக்கை உரிய நேரத்தில் உரிய மருத்துவ இதழில் நிதானமாக முன்வைக்கும் பொறுப்பு அவருக்கு இருந்தது. கட்டுரையாளர் கேட்பது இவ்வளவுதான் என்றால் நான் இந்தக் கடிதத்தை எழுதவே தேவையில்லை. ஆனால் அவர் கேட்பது கூட்டத்தை. செம்மல்வைஸின் பின்னால் ஆயிரக்கணக்கானோர் திரண்டிருந்தால் கொலைகாரர்கள் என்ற சொல்லுக்குத்தான் கைதட்டல் கிடைத்திருக்கும்; கைகழுவும் முறைக்குக் கிடைத்திருக்குமா என்பது ஐயமே.

கூட்டம் சேர்க்கும் தொழில் எதைக் கேட்கிறது என்று பார்க்கலாம். அது முதலில் இடைவிடாத இருப்பைக் கேட்கிறது. சொல்ல ஒன்றும் இல்லாத நாளிலும் ஏதாவது சொல்லியாக வேண்டும். அடுத்து, தயக்கமில்லாத குரலைக் கேட்கிறது. ஒரு துறையில் முப்பது ஆண்டுகள் உழைத்த ஒருவரிடம் போய் ஒரு கேள்வி கேட்டால், அது சூழ்நிலையைப் பொறுத்தது என்றோ, இதுவரை கிடைத்த சான்றுகள் போதவில்லை என்றோதான் பெரும்பாலும் பதில் வரும். அப்படிப்பட்ட பதிலுக்குக் கூட்டம் சேராது. மேலும், ஒரு தரப்பினரின் பாராட்டால் வளர்ந்தவர் அந்தத் தரப்பினர் விரும்பாத ஒன்றைச் சொல்ல வேண்டிய நாள் வரும்போது, தாம் பல ஆண்டுகளாகச் சேர்த்த முதலைப் பணயம் வைக்க வேண்டியிருக்கிறது. பலர் வைப்பதில்லை. அவர்களைக் கோழைகள் என்று சொல்லிவிட முடியாது. அந்தத் தொழிலின் வரவு செலவு அப்படி அமைந்திருக்கிறது.

இது என் ஊகம் மட்டுமன்று. அமெரிக்க உளவியல் ஆய்வாளர் ஃபிலிப் டெட்லாக், அரசியலையும் பொருளாதாரத்தையும் பற்றிக் கருத்துரைப்பதையே தொழிலாகக் கொண்ட 284 பேரிடம், 1980-களின் நடுப்பகுதி முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கணிப்புகளைக் கேட்டுப் பதிவுசெய்து, பின்னர் நடந்தவற்றோடு ஒப்பிட்டு 2005-இல் முடிவுகளை வெளியிட்டார். அவற்றுள் ஒன்று இந்த விவாதத்துக்கு நேரடியாகப் பொருந்துகிறது: ஊடகங்கள் அதிகம் நாடிய, பெயர்பெற்ற வல்லுநர்களின் கணிப்புகள் மற்றவர்களுடையவற்றைவிடத் துல்லியம் குறைந்தவையாகவே இருந்தன. ஒரே ஒரு பெரிய கருத்தைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் அதற்குள் அடக்கிப் பேசியவர்கள் கேட்க இனிமையாக இருந்தார்கள். பல கோணங்களையும் பார்த்து, ஆனால், எனினும் என்று இழுத்துப் பேசியவர்கள் கூடுதலாகச் சரியாக இருந்தார்கள். கூட்டத்தைத் திரட்டச் சொல்லும் அறிவுரை, இந்த இரண்டாம் வகையினரை முதல் வகையினராக மாறச் சொல்லும் அறிவுரையாகவே நடைமுறையில் முடியும்.

நல்ல சரக்கு இருந்தால் கூட்டம் தானே தேடி வரும், கூட்டமே ஒரு சல்லடை என்றும் கட்டுரையில் ஓரிடத்தில் சொல்லப்படுகிறது. இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். மேத்யூ சல்கானிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் ஆகிய மூவர் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், அதிகம் அறியப்படாத குழுக்களின் 48 பாடல்களை இணையத்தில் வைத்து, 14,000-க்கும் மேற்பட்டோரைக் கேட்கச் செய்தார்கள். பங்கேற்றவர்களில் ஒரு பகுதியினருக்குப் பாடல்களின் பெயர்கள் மட்டும் தெரிந்தன. மற்றவர்கள் எட்டுத் தனித்தனி உலகங்களாகப் பிரிக்கப்பட்டு, தங்களுக்கு முன் வந்தவர்கள் எந்தப் பாடலை எத்தனை முறை பதிவிறக்கினார்கள் என்ற எண்ணிக்கையையும் பார்த்தார்கள். எண்ணிக்கை கண்ணுக்குத் தெரிந்த உலகங்களில் வெற்றி பெற்ற பாடலுக்கும் மற்றவற்றுக்கும் இடைவெளி பெருகியது. அதோடு, ஓர் உலகத்தில் முன்வரிசைக்கு வந்த பாடல் இன்னோர் உலகத்தில் பின்தங்கியது. மிகச் சிறந்தவை முற்றிலும் தோற்பதும் மிக மோசமானவை முதலிடம் பிடிப்பதும் அரிதாகவே நிகழ்ந்தன என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஆனால் நம் கேள்வி அந்த இரு முனைகளைப் பற்றியது அன்று. இடையில் உள்ள பெரும்பான்மையில் எது மேலே வந்தது என்பதைத் தொடக்கத்தில் வந்த சிலரின் சொடுக்குகள் தீர்மானித்தன. கூட்டம் இருக்குமிடத்துக்கே கூட்டம் போகிறது என்பது பாட்டுக்குப் பொருந்தும்போது, தொற்றுநோய் பற்றியும் அணைகளின் உறுதி பற்றியும் சொல்லப்படும் கருத்துக்கு மட்டும் பொருந்தாமல் போய்விடாது.

இதைவிடக் கசப்பான ஒன்றும் உண்டு. ட்விட்டரில் 2006 முதல் 2017 வரை பரவிய ஏறத்தாழ 1,26,000 செய்திகளை ஆராய்ந்து 2018-இல் வெளியான ஆய்வொன்று, உண்மையான செய்தி 1,500 பேரைச் சென்றடையப் பொய்யான செய்தியைவிட ஏறத்தாழ ஆறு மடங்கு நேரம் எடுத்துக்கொண்டது என்று கண்டறிந்தது. அந்தப் பரவலுக்குத் தானியங்கிக் கணக்குகளைவிட மனிதர்களே காரணம் என்றும் அது சொன்னது. பொய் புதிதாக இருக்கிறது, வியப்பூட்டுகிறது, ஆகவே பகிரத் தோன்றுகிறது. உண்மை பெரும்பாலும் பழையதாகவும் சலிப்பூட்டுவதாகவும் இருக்கிறது. கைகழுவு என்பதை இருபதாம் முறை எத்தனை சுவையாகச் சொல்லிவிட முடியும்? கூட்டத்தைச் சல்லடையாக நம்பச் சொல்பவர் இதற்கு விடை சொல்ல வேண்டும்.

இனி, கூட்டமே இல்லாத ஒரு குரல் எப்படிக் கேட்கப்பட்டது என்பதைச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன். அது இந்தக் கடிதப் பகுதிக்கும் தொடர்புடையது. ஃபிரான்சஸ் கெல்சி என்ற மருந்தியல் அறிஞர் 1960 ஆகஸ்டில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தில் பணியில் சேர்ந்தார். அடுத்த மாதமே அவர் மேசைக்கு ஒரு விண்ணப்பம் வந்தது. தாலிடோமைடு என்ற தூக்க மருந்தை அமெரிக்காவில் விற்க ஒரு நிறுவனம் அனுமதி கேட்டிருந்தது. ஐரோப்பாவில் ஏற்கெனவே பலர் உட்கொண்டுவந்த மருந்து, புதிதாகச் சேர்ந்த அலுவலருக்கு எளிய கோப்பாக இருக்கும் என்று கருதித்தான் அதை அவரிடம் கொடுத்திருக்கிறார்கள். அன்றைய விதிப்படி 60 நாட்களுக்குள் மறுப்பு எதுவும் எழுப்பப்படாவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே பொருள். கெல்சிக்கு அந்த விண்ணப்பத்தில் இருந்த சான்றுகள் போதுமானவையாகத் தோன்றவில்லை. ஆகவே விண்ணப்பம் முழுமையாக இல்லை என்று எழுதித் திருப்பி அனுப்பினார். நிறுவனம் மீண்டும் அனுப்பியது. அவர் மீண்டும் திருப்பினார். ஒவ்வொரு முறையும் 60 நாள் கணக்கு புதிதாகத் தொடங்கியது. நிறுவனத்தின் ஆட்கள் நேரிலும் தொலைபேசியிலும் நெருக்கினார்கள். அவருடைய மேலதிகாரிகளிடமும் முறையிட்டார்கள். அவர்கள் கெல்சியின் பக்கம் நின்றார்கள் என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும்.

இதற்கிடையில், 1960 டிசம்பர் 31 தேதியிட்ட பிரிட்டிஷ் மருத்துவ இதழில், ஆசிரியருக்குக் கடிதம் பகுதியில், லெஸ்லி ஃபுளோரன்ஸ் என்ற ஒரு சாதாரணப் பொது மருத்துவர் சுருக்கமாக ஒரு கடிதம் எழுதியிருந்தார். அந்த மருந்தை நீண்டகாலம் உட்கொண்ட தம் நோயாளிகள் சிலருக்குக் கைகால்களில் மரமரப்பும் கூச்சமும் தோன்றியதாகவும், மற்ற மருத்துவர்கள் இப்படிக் கண்டதுண்டா என்று அறிய விரும்புவதாகவும் அவர் கேட்டிருந்தார். அவ்வளவுதான். சில வாரங்களுக்குப் பிறகு, பிப்ரவரியில், அந்த இதழ் கெல்சியின் கைக்கு வந்தது. அவர் கடிதப் பகுதியையும் படிக்கும் பழக்கமுடையவர். பெரியவர்களின் நரம்பையே பாதிக்கும் மருந்து கருவில் உள்ள குழந்தையை என்ன செய்யும் என்று அவர் கேட்டார். கர்ப்பிணிகளுக்கு அது தீங்கற்றது என்பதற்குச் சான்று தரும்படி நிறுவனத்திடம் எழுதினார். அந்தச் சான்று வரவேயில்லை. 1961 நவம்பர் இறுதியில் ஜெர்மனியில் மருந்து திரும்பப் பெறப்பட்டது. உலகெங்கும் 10,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் கைகால் குறைபாடுகளுடன் பிறந்திருந்தார்கள். அமெரிக்காவில், பரிசோதனை என்ற பெயரில் வழங்கப்பட்ட மாத்திரைகளால் சில குழந்தைகள் பாதிக்கப்பட்டாலும், மருந்து கடைக்கு வரவேயில்லை.

இந்த நிகழ்வில் கூட்டம் எங்கே இருக்கிறது? ஃபுளோரன்ஸுக்குத் தொண்டர்கள் இல்லை. கெல்சியின் பெயரை அவருடைய அலுவலகத்துக்கு வெளியே மிகச் சிலரே அறிந்திருந்தார்கள். இருந்தவை மூன்று: கடிதத்தின் தகுதியைப் பார்த்து வெளியிட்ட ஓர் இதழ், அதைப் படித்த ஒரு பொறுப்பான அதிகாரி, அந்த அதிகாரிக்கு மறுக்கும் உரிமை தந்த ஒரு சட்டம். கெல்சியின் புகழ் 1962-இல் வந்தது. குடியரசுத் தலைவர் கென்னடி அவருக்கு விருது வழங்கினார். வேலை முடிந்த பிறகு வந்த புகழ் அது.

இதே தாலிடோமைடு வரலாற்றில் மறுபக்கமும் ஒன்று உண்டு. கட்டுரையாளர் அதை அறிந்திருந்தால் இன்னும் எச்சரிக்கையாக எழுதியிருப்பார் என்று நினைக்கிறேன். 1961 டிசம்பரில் லான்செட் இதழில், அந்த மருந்துக்கும் பிறவிக் குறைபாடுகளுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று ஒரு சிறு கடிதத்தில் கேள்வி எழுப்பியவர் ஆஸ்திரேலிய மருத்துவர் வில்லியம் மெக்பிரைட். அந்தக் கடிதம் அவரை உலகறியச் செய்தது. பட்டங்களும் பரிசுகளும் குவிந்தன. ஆய்வு நிறுவனம் ஒன்றையே அவர் நிறுவினார். பின்னர் வேறொரு மருந்தும் குறைபாடுகளை உண்டாக்குகிறது என்று காட்டுவதற்காக ஆய்வுத் தரவுகளைத் திருத்தியது நிறுவப்பட்டு, 1993-இல் மருத்துவர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டார். அவரைத் தூண்டியது எது என்று வெளியிலிருந்து தீர்ப்புக் கூற எனக்குத் தகுதியில்லை. ஆனால் யாரும் அறியாத மருத்துவராக ஐந்தாறு வாக்கியங்களில் எழுதியபோது அவர் சரியாக இருந்தார், உலகமே செவிசாய்த்தபோது தவறினார் என்பது மட்டும் பதிவில் இருக்கிறது.

எதிர்வாதமாக ரேச்சல் கார்சனைச் சொல்வார்கள், சொல்ல வேண்டியதுதான். பூச்சிக்கொல்லிகள் பற்றி 1962-இல் அவர் எழுதிய நூல் பல லட்சம் மக்களைச் சென்றடைந்திராவிட்டால், வேதிப்பொருள் நிறுவனங்களின் எதிர்ப்பை மீறி அரசின் கவனம் அந்தப் பக்கம் திரும்பியிருக்காது. 1972-இல் அமெரிக்காவில் டி.டி.டி. தடை செய்யப்பட்டதற்கும் அந்த நூல் மூட்டிய விவாதமே தொடக்கம். பொறுப்பானவர்கள் செவியை மூடிக்கொள்ளும்போது மக்களிடம் போவதைத் தவிர வேறு வழியில்லை என்பதை நான் முழுமனதுடன் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கார்சன் கூட்டம் சேர்க்கப் புறப்பட்டவர் அல்லர். பதினைந்து ஆண்டுகளுக்கும் மேல் அரசின் மீன்வளத் துறையில் அறிவியலாளராகவும் பதிப்பாசிரியராகவும் வேலை செய்தவர். கடலைப் பற்றி அவர் எழுதிய நூல்களின் தரத்துக்காக வாசகர்கள் வந்தார்கள். பூச்சிக்கொல்லி நூலுக்காக ஆண்டுக்கணக்கில் ஆவணம் திரட்டினார். அப்போது புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்தார். அதை முதலில் தொடராக வெளியிட ஒரு வார இதழின் ஆசிரியர் முன்வந்தார். நூல் வெளிவந்த இரண்டே ஆண்டுகளில் கார்சன் காலமானார். அந்தக் கடைசி ஆண்டுகளில் அவர் நாள்தோறும் மேடையேறித் தம் பெயரை நிலைநிறுத்திக்கொண்டிருக்க வேண்டும் என்று யாரேனும் நிபந்தனை விதித்திருந்தால் நூல் முடிந்திருக்காது.

கூட்டம் ஒரு பயனும் தராத இடங்களும் உண்டு. சேலஞ்சர் விண்கலத்தின் திண்ம எரிபொருள் பூஸ்டர்களில் இருந்த ரப்பர் வளையங்கள் அரிக்கப்பட்டுவருவது உயிரிழப்பில் முடியக்கூடும் என்று பொறியாளர் ரோஜர் பாய்ஸ்ஜோலி 1985 ஜூலையிலேயே தம் நிறுவனத்துக்குள் எழுத்தில் எச்சரித்தார். ஏவுதலுக்கு முந்தைய இரவு, 1986 ஜனவரி 27 அன்று, தொலைபேசிக் கலந்தாய்வில், குளிரில் அந்த வளையங்கள் இறுகிவிடும் என்பதால் ஏவ வேண்டாம் என்று அவரும் சக பொறியாளர்களும் வாதாடினார்கள். நிர்வாகத்தினர் தனியே கூடிப் பேசி அதை மாற்றினார்கள். மறுநாள் காலை விண்கலம் சிதறி, அதில் இருந்த ஏழு பேரும் உயிரிழந்தார்கள். பாய்ஸ்ஜோலி சொன்னது தெளிவாக இருந்தது, முடிவெடுப்பவர்களின் காதிலேயே விழுந்தது, காலத்திலும் விழுந்தது. இன்னும் அவர் என்ன செய்திருக்க வேண்டும் என்று கட்டுரையாளர் எதிர்பார்க்கிறார்?

ஆகவே கேள்வியைச் சொல்பவரிடமிருந்து கேட்பவரிடம் திருப்ப வேண்டியிருக்கிறது. இதில் விமானத் துறை கற்றுக்கொண்ட பாடம் நான் அறிந்தவற்றுள் மிகத் தெளிவானது. 1977 மார்ச் 27 அன்று டெனெரிஃப் தீவின் ஓடுபாதையில், மூடுபனியில், இரண்டு போயிங் 747 விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். புறப்பட ஓடத் தொடங்கிவிட்ட டச்சு விமானத்தின் அறையில், பின்னிருக்கையில் இருந்த விமானப் பொறியாளர், அந்தப் பான் அமெரிக்கன் விமானம் ஓடுபாதையைவிட்டு இன்னும் விலகவில்லையோ என்று கேட்டார். விலகிவிட்டது என்று தலைமை விமானி அழுத்தமாகச் சொன்னார். அவர் அந்த நிறுவனத்தின் மூத்த பயிற்சி விமானி. நிறுவனத்தின் விளம்பரங்களிலேயே அவர் படம் இடம்பெற்றிருந்தது. கேட்டவர் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. அந்தச் சிறிய அறையில் புகழ் ஒருவரிடமும் சரியான ஐயம் இன்னொருவரிடமும் இருந்தன.

இந்த விபத்துக்கும் இதைப் போன்ற வேறு சிலவற்றுக்கும் பிறகு, தாழ்ந்த பதவியில் இருப்பவர்கள் எல்லோரும் தங்கள் செல்வாக்கை வளர்த்துக்கொள்ளுங்கள் என்று யாரும் அறிக்கை விடவில்லை. 1979-இல் நாசா கூட்டிய ஒரு பயிலரங்கில் தொடங்கி, விமானிகளுக்கான குழுச் செயல்பாட்டுப் பயிற்சி உலகெங்கும் கட்டாயமாயிற்று. இளையவர் ஐயத்தை எப்படிச் சொல்ல வேண்டும் என்று அதில் கற்பிக்கிறார்கள்; அதைவிட முக்கியமாக, மூத்தவர் அதைக் கேட்டுப் பதில் சொல்லியாக வேண்டும் என்றும் கற்பிக்கிறார்கள். அதற்கு முன்பே, 1976-இல், எந்த விமானியும் கட்டுப்பாட்டாளரும் தாம் கண்ட அபாயத்தைப் பெயர் வெளிவராமல் எழுதி அனுப்பும் ஏற்பாடு ஒன்றை நாசா நடத்தத் தொடங்கியது. எழுதுபவர் யார் என்பது முக்கியமில்லை. என்ன எழுதியிருக்கிறார் என்பதைப் பகுப்பாய்வாளர்கள் படிக்கிறார்கள். கேட்பதற்கென்று ஆளும் முறையும் வைத்துச் சம்பளமும் கொடுத்தால் சிறிய குரலும் கேட்கும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

நம் வள்ளுவரின் அதிகார வைப்பு இந்த இடத்தில் நினைவுக்கு வருகிறது. சொல்வன்மையை அவர் அமைச்சியலில், அதாவது ஆலோசனை சொல்பவனுக்குரிய பகுதியில் வைத்தார். அவையறிந்து பேசுவதும் அவையஞ்சாமையும் அங்கேதான் வருகின்றன. ஆனால் கேள்வியையும் (அதாவது கேட்டறிதலையும்), பெரியாரைத் துணைக்கோடலையும் அரசியல் என்ற இயலில் வைத்தார்; அவை ஆள்பவனுக்குரியவை. அறிவுடையோரைத் தேடிப் போய்த் துணையாக்கிக்கொள்ளும் வேலை மன்னனுடையது. அறிவுடையோர் ஊரைக் கூட்டிக்கொண்டு அரண்மனை வாசலில் நிற்க வேண்டும் என்று அவர் எந்த அதிகாரத்திலும் எழுதவில்லை.

நான் பல ஆண்டுகள் தரக் கட்டுப்பாட்டுப் பணியில் இருந்தவன். ஆய்வுக் கூட்டங்கள் பலவற்றில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு கூட்டத்தில், மேசையின் கடைசி நாற்காலியில் இருந்த இளைய பரிசோதகர் ஒருவர், மாதிரிகள் எடுக்கப்படும் நேரமே தவறாக இருக்கிறது, இயந்திரம் சூடேறிய பிறகுதான் எடுக்க வேண்டும் என்று தாழ்ந்த குரலில் சொன்னார். யாரும் மறுக்கவில்லை, யாரும் எழுதிக்கொள்ளவும் இல்லை. அடுத்த வாரம் சுற்றுக்கு வந்த கூட்டக் குறிப்பில் உரத்துப் பேசிய மூவரின் கருத்துகள் பெயருடன் இருந்தன; அவர் சொன்னது, உறுப்பினர்கள் விவாதித்தனர் என்ற இரண்டு சொற்களுக்குள் போய்விட்டது. சில மாதங்கள் கழித்து வெளியிலிருந்து வந்த ஆலோசகர் ஒருவர் அதையே வண்ணப் படங்களுடன் சொன்னபோது எல்லோரும் தலையாட்டினார்கள். அந்த இளைஞர் பேச்சுப் பயிற்சிக்குப் போயிருக்க வேண்டும் என்று சொல்வது எளிது. குறிப்பெழுதியவர் ஒரு வரி கூடுதலாக எழுதியிருக்க வேண்டும் என்று சொல்வது அதைவிட எளிது, செலவும் குறைவு. ஆனால் அதை யாரும் சொல்வதில்லை.

ஒருவரின் அறிவை அவர் பின்னால் நிற்பவர்களின் எண்ணிக்கையால் அளக்கும் பழக்கம், தேர்ந்தெடுக்கும் வேலைக்காகவே சம்பளம் பெறுபவர்களிடமும் இன்று பரவியிருப்பதுதான் எனக்கு மிகவும் கவலை தருகிறது. கைப்பிரதியைப் படிக்கும் முன்பே எழுதியவருக்குச் சமூக ஊடகத்தில் எத்தனை பேர் பின்தொடர்கிறார்கள் என்று பதிப்பகங்கள் கேட்கின்றன. தொலைக்காட்சி விவாதத்துக்கு ஆள் தேடுபவர், உடனே வரக்கூடியவரும் தடங்கலின்றிப் பேசக்கூடியவருமான அதே ஐந்தாறு பேரையே எல்லாப் பொருளுக்கும் அழைக்கிறார். கூட்டத்தைத் திரட்டிக்கொண்டு வா என்று அறிவுடையவரிடம் சொல்லும் ஆசிரியரும் பதிப்பாளரும் அதிகாரியும், தேடிப் படித்து மதிப்பிடும் தங்கள் சொந்த வேலையைக் கூட்டத்திடம் ஒப்படைத்துவிடுகிறார்கள். கவனம் என்பது அருகிப்போன ஒரு பொருள் என்பதை நான் மறுக்கவில்லை. தகவல் பெருகப் பெருகக் கவனத்துக்குப் பஞ்சம் வரும் என்று அமெரிக்க அறிஞர் ஹெர்பர்ட் சைமன் 1971-லேயே சொல்லிவிட்டார். பஞ்ச காலத்தில் பங்கீட்டைப் பொறுப்பானவர்கள்தான் செய்ய வேண்டும்; முண்டியடித்து வருபவருக்கே கிடைக்கும் என்று விட்டுவிடுவது பங்கீடு ஆகாது.

தங்கள் நாளிதழிடம் மூன்று வேண்டுகோள்கள் உண்டு. ஒரு பொருளைப் பற்றிக் கருத்துக் கேட்கும்போது, அதில் நேரடியாக வேலை செய்பவர் ஒருவரையாவது, அவர் பேசத் தயங்கினாலும், எழுதித் தருகிறேன் என்று இரண்டு நாள் அவகாசம் கேட்டாலும், விடாமல் தேடிப் பிடியுங்கள். அவர் தெரியவில்லை என்று சொன்னால் அதையும் அச்சிடுங்கள். அந்தச் சொல்லை வெட்டிவிட்டு உறுதியான வாக்கியத்தை மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்தக் கடிதப் பகுதியில் முன்பு பக்கத்தின் பாதி இருந்தது. இப்போது ஒரு பத்தியளவே எஞ்சியிருக்கிறது, அதிலும் பெயர்பெற்றவர்களின் கடிதங்களே முதலில் வருகின்றன. பழைய இடத்தைத் திருப்பித் தர இயலாவிட்டாலும், கடிதங்களைத் தேர்ந்தெடுப்பவர் எழுதியவரின் பெயரை மறைத்துக்கொண்டு படித்துப் பார்க்கலாம். இந்தக் கடிதத்தையும் அவ்வாறே படித்து, தகுதியில்லை என்று தோன்றினால் ஒதுக்கிவிடுவதில் எனக்கு வருத்தமில்லை.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற தரக் கட்டுப்பாட்டு அலுவலர்